கால்விரலைக் கைக்கு மாற்றலாமா? கட்டைவிரலை இழந்த வாசகருக்குப் பதில்

கேள்வி, சுருக்கமாக: எழுதியிருப்பவர் 36 வயதுத் தச்சர், வலக்கைப் பழக்கமுள்ளவர். 14 மாதங்களுக்கு முன் மரம் அறுக்கும் வட்ட ரம்பத்தில் வலது கை சிக்கியதில், கட்டைவிரல் அடி மூட்டுக்குச் சற்று மேலேயும் ஆள்காட்டி விரல் நடு மூட்டிலும் துண்டாகிவிட்டன. நடுவிரலின் நுனியும் போய்விட்டது. துண்டான விரல்களை உடனிருந்தவர்கள் நேராகப் பனிக்கட்டிக்குள் போட்டு எடுத்துச் சென்றார்கள். அவற்றைத் திரும்பப் பொருத்த முடியவில்லை. காலில் உள்ள விரலை எடுத்துக் கையில் வைக்கும் அறுவை சிகிச்சை இருப்பதாக அண்மையில் ஒரு மருத்துவர் சொல்லியிருக்கிறார். இவருடைய அண்ணன் தம் கால்விரலைத் தருவதாகச் சொல்கிறார். அம்மாவோ, போன கையோடு இருக்கிற காலையும் கெடுத்துக்கொள்ளாதே என்று அழுகிறார். இவ்வளவு காலம் கழித்து இது சாத்தியமா, இழந்த விரல்கள் எல்லாவற்றையும் மீட்க முடியுமா, நடை பாதிக்கப்படுமா, செயற்கை விரல் போதாதா, அறுவை சிகிச்சை செய்துகொண்டால் இழப்பீட்டு வழக்கு பாதிக்கப்படுமா என்று கேட்டிருக்கிறார். நாளொன்றுக்குப் பத்துக்கும் மேற்பட்ட சிகரெட் பிடிப்பதாகவும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் முழுவதும் இழந்த விரல்களின் எண்ணிக்கையைச் சுற்றியே வருகிறது. அது இயல்புதான். ஆனால் உங்கள் கையைச் சீரமைக்க நினைக்கும் மருத்துவர் முதலில் பார்ப்பது எண்ணிக்கையை அன்று. எதிரெதிரே வந்து தொட்டுக்கொள்ளக்கூடிய, தொடுவதை உணரக்கூடிய இரண்டு முனைகள் அந்தக் கையில் இருக்கின்றனவா என்பதைத்தான் அவர் பார்ப்பார். ஆணியைப் பிடிப்பது, பொத்தான் போடுவது, சாவியைத் திருப்புவது, உளியை நிலையாகப் பற்றுவது ஆகிய எல்லாமே கட்டைவிரல் மற்ற விரல்களை எதிர்கொண்டு நிற்பதால் நடப்பவை. கையின் செயல்பாட்டில் ஏறத்தாழ 40 சதவீதம் கட்டைவிரலைச் சார்ந்தது என்பது கை அறுவை மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. எனவே உங்கள் கைக்கு வேண்டியது ஒரு நல்ல கட்டைவிரல். ஆள்காட்டி விரலுக்காக இன்னொரு கால்விரலை இழப்பதை, நீங்கள் எழுதியுள்ள விவரங்களை வைத்துப் பார்க்கும்போது, நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆள்காட்டி விரல் குட்டையாகிவிட்டால், பெரும்பாலோரிடம் நடுவிரல் தானாகவே அதன் வேலையை ஏற்றுக்கொண்டுவிடும். உங்கள் நடுவிரல் நுனியை மட்டுமே இழந்திருக்கிறது, அதன் மூட்டுகள் மடங்குகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். புதிய கட்டைவிரல் சந்திக்க அது போதுமான துணை.

அண்ணனின் விரல் வேண்டாம்

உங்கள் அண்ணனின் அன்பை நான் மதிக்கிறேன். ஆயினும் அவருடைய விரல் உங்கள் கையில் நிலைக்காது. மற்றவர் உடலின் திசுவை நம் உடல் அந்நியமாகக் கருதி அழிக்கத் தொடங்கும். அதைத் தடுக்க, உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டியிருக்கும். தொற்று, சிறுநீரகப் பாதிப்பு, சிலவகைப் புற்றுநோய் ஆகிய ஆபத்துகள் அம்மருந்துகளோடு வருபவை. முழுக் கையையே இழந்தவர்களுக்கு, அதிலும் மிகக் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு மட்டுமே அந்த விலை ஏற்கத்தக்கது; ஒரு விரலுக்காக யாரும் அதைச் செய்வதில்லை. உங்கள் சொந்தக் கால்விரலை மாற்றும்போது இந்தச் சிக்கலே எழாது. "உடம்பு ஏற்காமல் போய்விடுமோ" என்ற உங்கள் அச்சத்துக்கும் இதுவே விடை. உங்கள் விரலை உங்கள் உடல் நிராகரிக்காது. அது தோல்வியடைவதானால் காரணம் இரத்த ஓட்டம் தடைப்படுவதாகத்தான் இருக்கும்.

காலம் கடந்துவிடவில்லை

துண்டான விரலைத் திரும்பப் பொருத்துவதற்கு மணிக்கணக்கில் கெடு உண்டு. குளிர்விக்காமல் வைத்தால் சுமார் 12 மணி நேரம், முறையாகக் குளிர்வித்தால் சுமார் 24 மணி நேரம் என்று பொதுவாகச் சொல்வோம். அந்தக் கெடு வெட்டுண்ட துண்டுக்கு உரியது, உங்கள் கைக்கு உரியது அன்று. கால்விரல் மாற்றத்தை விபத்து நடந்து பல ஆண்டுகள் கழித்தும் செய்யலாம், செய்தும் வருகிறார்கள். விரலே உருவாகாமல் பிறந்த குழந்தைகளுக்கும் இதே முறை பயன்படுகிறது. எலும்பு நீள்வதற்குக் காரணமான வளர்ச்சித் தட்டுகளோடு எடுத்து வைக்கப்பட்ட விரல் குழந்தையோடு சேர்ந்து வளர்கிறது.

காத்திருப்பதில் உள்ள தீமை வேறு. பயன்படுத்தாத கையில் மூட்டுகள் இறுகும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட தோல்மடிப்பு சுருங்கும், தசைகள் மெலியும். ஆகவே அறுவை சிகிச்சை பற்றி இன்னும் முடிவெடுக்காவிட்டாலும், கை பிசியோதெரபி நிபுணர் ஒருவரை இப்போதே பாருங்கள். அந்த இடைவெளியை விரித்து வைக்கும் பயிற்சியையும், கையை அந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் கட்டு ஒன்றையும் (ஸ்பிளிண்ட்) அவர் தருவார்.

பனிக்கட்டி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும். துண்டான விரலை ஈரமான சுத்தமான துணியில் சுற்றி, நீர் புகாத பையில் இட்டு மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைக்க வேண்டும். பனிக்கட்டி நேராகப் பட்டால் திசு உறைந்து சேதமாகும். ஆனால் ரம்பம் விரலைச் சீராக வெட்டுவதில்லை. எலும்பையும் இரத்தக் குழாய்களையும் கிழித்துச் சிதைத்துவிடுகிறது. சரியாக எடுத்துச் சென்றிருந்தாலும் உங்கள் விரல்களைப் பொருத்த முடிந்திருக்கும் என்று உறுதியாகக் கூற இயலாது. அன்று உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள்மீது கோபத்தைச் சுமக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அறுவை சிகிச்சையில் உண்மையில் என்ன நடக்கிறது

இது புதிதாகத் தோன்றிய சோதனை முயற்சி அன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆஸ்திரியாவின் கார்ல் நிக்கோலடோனி, நோயாளியின் கையைக் காலோடு பல வாரங்கள் சேர்த்துக் கட்டிவைத்து, கால்விரல் கையின் இரத்தத்தில் வாழப் பழகிய பின் அதைக் காலிலிருந்து பிரித்தார். மைக்ரோஸ்கோப்பின் துணையோடு நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தைக்கும் திறன் கைவந்த பின்னர்தான் ஒரே அமர்வில் விரலை மாற்றுவது சாத்தியமாயிற்று. 1966இல் சீனாவின் ஷாங்காய் நகரில் யாங் தோங்யூவே காலின் இரண்டாம் விரலைக் கைக்கு மாற்றினார். 1968இல் இங்கிலாந்தில் ஜான் காபெட் கால் பெருவிரலைக் கட்டைவிரலாக்கினார். அதன் பிறகு உலகின் பல மையங்களில் இது நிலைபெற்ற சிகிச்சையாகிவிட்டது.

பொதுவாக ஒரு குழு காலிலும் இன்னொரு குழு கையிலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். காலில் விரலோடு அதற்கு இரத்தம் தரும் தமனி, இரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரை, நரம்புகள், மடக்கும் தசைநாண், நீட்டும் தசைநாண் ஆகியவற்றைத் தேவையான நீளத்துக்குப் பிரித்தெடுப்பார்கள். கையில் அவற்றுக்கு இணையானவற்றைத் தேடி அடையாளமிட்டு வைப்பார்கள். பிறகு எலும்பைக் கம்பியாலோ சிறு தகட்டாலோ பொருத்தி, தசைநாண்களை இணைத்து, 1 முதல் 2 மில்லிமீட்டர் விட்டமே உள்ள இரத்தக் குழாய்களைத் தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் தைப்பார்கள். எல்லாம் சேர்ந்து 6 மணி முதல் 10 மணி நேரம் வரை ஆகலாம்.

பலரும் கேட்கத் தயங்கும் ஒன்றையும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்: புதிய விரலைத் தொட்டால் காலைத் தொடுவது போல இருக்குமா? இருக்காது. மாற்றப்பட்ட விரலுக்குள் வளர்ந்து செல்பவை உங்கள் கையின் நரம்பிழைகள். அவை மூளையில் கட்டைவிரலுக்கு உரிய பகுதியோடு தொடர்புள்ளவை. ஆகவே அந்தத் தொடுகை கட்டைவிரலின் தொடுகையாகவே உணரப்படும். ஆனால் நரம்பிழை நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால் முதல் சில மாதங்கள் விரல் மரத்துப்போனதாகவே இருக்கும். சூடு, கூர்மை, அழுத்தம் ஆகியவற்றை உணரும் அளவுக்குப் பெரும்பாலோர் தேறுகிறார்கள். இழந்த கட்டைவிரலின் நுட்பமான உணர்வு முழுமையாகத் திரும்பும் என்று யாரேனும் வாக்களித்தால் நம்பாதீர்கள்.

எந்த விரல்?

உங்கள் வெட்டு கட்டைவிரலின் அடி மூட்டுக்கு மேலே இருப்பது நல்ல வாய்ப்பு. அந்த மூட்டும் உள்ளங்கையின் கட்டைவிரல் மேட்டிலுள்ள தசைகளும் இயங்குகின்றன என்றால், புதிய விரலை நகர்த்தப்போகும் இயக்கத்தின் பெரும்பகுதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. வைக்கப்போகும் கால்விரல் நீளத்தையும் நகத்தையும் சதைப்பற்றையும் உணர்வையும் தந்தால் போதும். அதன் மூட்டு ஓரளவே மடங்கினாலும் பாதகமில்லை.

கால் பெருவிரல் வலுவான பிடியைத் தரும். ஆனால் கட்டைவிரலைவிடக் கணிசமாக அகலமானது. அந்த அகலத்தைக் குறைக்க, எலும்பையும் சதையையும் பக்கவாட்டில் செதுக்கிச் சிறிதாக்கி மாற்றும் முறையைத் தைவானின் ஃபூ-சான் வெய் குழுவினர் 1988இல் வெளியிட்டார்கள். அதனால் தோற்றம் மேம்படும்; நுனி மூட்டின் அசைவு கொஞ்சம் குறையும். இரண்டாம் விரலை எடுத்தால் காலின் தோற்றம் அதிகம் மாறாது; ஆனால் அந்த விரல் மெலிந்தது, நுனிச் சதை சிறியது, எப்போதும் சற்று மடங்கியே நிற்கும் இயல்புடையது. சுத்தியலும் உளியும் பிடிக்கும் தொழில் உங்களுடையது என்பதால், செதுக்கிய பெருவிரலின் பக்கமே என் மனம் சாய்கிறது. எழுத்து வேலையோ இசையோ செய்பவர் கேட்டிருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். இறுதி முடிவு உங்கள் இரு கால்களின் இரத்தக் குழாய் அமைப்பைப் பரிசோதித்த பிறகே எடுக்கப்பட வேண்டும்; அது ஆளுக்கு ஆள், சில வேளைகளில் ஒருவரின் இரண்டு கால்களுக்குள்ளேயே மாறுபடும்.

அம்மாவின் கேள்வி: கால் என்னாகும்?

அம்மாவின் பயத்தைப் புறந்தள்ளாதீர்கள். அவர் கேட்பது சரியான கேள்வி, பதில் மட்டுமே அவர் நினைப்பதைவிட நல்லது. நடக்கும்போது உடல் எடையைத் தாங்கித் தரையை உந்தித் தள்ளுவதில் பெருவிரலைவிட, அதன் பின்னால் பாதத்துக்குள் இருக்கும் எலும்பின் முன்முனைக்கே முக்கியப் பங்கு. அந்த எலும்பைத் தொடாமல் விட்டு, பெருவிரலின் அடிப்பகுதியில் 1 சென்டிமீட்டர் அளவாவது காலிலேயே இருக்கும்படி விரலை எடுத்தால், பெரும்பாலோர் இயல்பாக நடக்கிறார்கள், படியேறுகிறார்கள், நீண்ட நேரம் நின்று வேலை செய்கிறார்கள். உங்கள் வெட்டு இருக்கும் இடத்தை வைத்துப் பார்த்தால் அவ்வாறு எடுப்பதற்கு வழி இருக்கிறது.

இழப்பே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். வேகமாக ஓடுவதிலும் தாவுவதிலும் உந்துவிசை குறையலாம். எடை பாதத்தின் வெளிப்பக்கம் நோக்கிச் சற்று நகர்வதால் இரண்டாம், மூன்றாம் விரல்களின் அடியில் தோல் தடிப்பு வரலாம். விரலிடுக்கில் வார் மாட்டும் செருப்பை அந்தக் காலில் அணிய இயலாது. குளிர்காலத்தில் தழும்பு வலிக்கலாம், புண் ஆறச் சில வாரங்கள் கூடுதலாகலாம். இவற்றோடு வாழ முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். நீரிழிவோ காலில் இரத்த ஓட்டக் குறைவோ உள்ளவர்களுக்கு நான் தரும் பதில் வேறாக இருக்கும்; உங்களுக்கு அவை இல்லை என்று எழுதியிருப்பதை நம்பியே இதைச் சொல்கிறேன்.

மற்ற வழிகளும் இருக்கின்றன

செயற்கை விரலை நீங்கள் ஏளனமாக எழுதியிருக்கிறீர்கள், அது சரியன்று. நன்கு செய்யப்பட்ட சிலிக்கான் விரல் பார்வைக்கு இயல்பாக இருக்கும், பொருள்களை எதிர்த்து அழுத்த ஒரு முட்டாகவும் உதவும். கையைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே கூச்சப்படுவதாக எழுதியிருக்கும் உங்களுக்கு அது தரும் துணிவும் சிறிதன்று. ஆனால் அதற்கு உணர்வில்லை. தேயும், நிறம் மங்கும், அவ்வப்போது புதிதாகச் செய்ய வேண்டும். முடிவெடுக்க அவகாசம் தேவைப்படும் காலத்தில் அதை அணிந்து பார்ப்பதில் எந்த நட்டமும் இல்லை.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையேயான பிளவை ஆழப்படுத்தி, இருக்கும் கட்டைவிரல் அடிப்பகுதியை நீளமாகச் செயல்பட வைக்கலாம். இது சிறிய அறுவை சிகிச்சை, பலனும் சிறியது. எலும்பை வெட்டி, நாளுக்கு 1 மில்லிமீட்டராக மெல்ல இழுத்து நீட்டும் முறையும் உண்டு. நீளம் கிடைக்கும், நகமோ புதிய மூட்டோ கிடைக்காது, பல மாதங்கள் கையில் சட்டகத்தோடு இருக்க வேண்டும். இவற்றைவிட உங்களுக்கு நெருக்கமான இன்னொரு வழி, பாதியாக நிற்கும் ஆள்காட்டி விரலையே அதன் நரம்பு, இரத்தக் குழாய்களோடு நகர்த்திக் கட்டைவிரலின் மேல் அமர்த்துவது. கால் தப்பிக்கும், உணர்வும் நன்றாக இருக்கும். பதிலுக்கு உள்ளங்கை குறுகி, முஷ்டிப் பிடியின் வலு குறையும். அம்மாவின் மனமும் உங்கள் மனமும் காலைத் தொட ஒப்பவே இல்லையென்றால், மருத்துவரிடம் இதைப் பற்றித் தெளிவாகக் கேளுங்கள். சிகிச்சையே வேண்டாம் என்று இடது கையைப் பழக்கிக்கொள்வதும் மதிக்கத்தக்க முடிவுதான்.

சிகரெட்

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நிகோடின் நுண் தமனிகளைச் சுருங்க வைக்கிறது. 1 மில்லிமீட்டர் குழாய் சுருங்கினால் அதில் இரத்தம் உறையும். உறைந்தால் விரல் சாகும். அப்போது கையிலும் விரல் இருக்காது, காலிலும் இருக்காது. அனுபவமுள்ள மையங்களில் 100 பேரில் 95 பேருக்கு மேல் மாற்றப்பட்ட விரல் பிழைத்துக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் கணக்கு, மருத்துவர் சொன்னதைக் கேட்டவர்களின் துணையோடு வந்தது. அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே முற்றிலும் நிறுத்திவிட வேண்டும், பின்னரும் பல வாரங்களுக்குத் தொடக் கூடாது. நிகோடின் கலந்த மெல்லும் பசையும் தோலில் ஒட்டும் பட்டையும்கூட இரத்தக் குழாயைப் பாதிப்பவை என்பதால், விடுவதற்கு அவற்றின் உதவி தேவைப்பட்டால் மருத்துவரிடம் சொல்லி, அறுவை நாளுக்கு முன்பே அவற்றையும் நிறுத்திவிடும்படி திட்டமிடுங்கள். வீட்டில் மற்றவர்கள் விடும் புகையும் ஆகாது.

அதற்குப் பின் வரும் மாதங்கள்

முதல் 3 நாள்கள் மிக முக்கியமானவை. செவிலியர்கள் மணிக்கு ஒருமுறை விரலின் நிறத்தையும் வெப்பத்தையும் பார்ப்பார்கள். விரல் வெளிறினால் தமனியில் தடை. நீலம் பாய்ந்து வீங்கினால் சிரையில் தடை. எதுவானாலும் நள்ளிரவானாலும் மீண்டும் அறுவை அரங்குக்குக் கொண்டுசெல்வார்கள். ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு இது நேரலாம், உரிய நேரத்தில் திறந்து சரிசெய்தால் பெரும்பாலும் விரல் காப்பாற்றப்பட்டுவிடும். ஆகவே திரும்ப அழைத்துச் செல்லப்பட்டால் எல்லாம் போய்விட்டது என்று குடும்பத்தார் கலங்க வேண்டாம் என முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எலும்பு ஒன்றுசேர 6 முதல் 8 வாரங்கள் ஆகும். அதன் பின்னும் மாதக்கணக்கில் பயிற்சி தேவை. கடுமையான மரவேலைக்குத் திரும்ப ஆறு மாதம் வரை ஆகலாம் என்று வைத்துக்கொண்டு வீட்டுச் செலவைத் திட்டமிடுங்கள். தசைநாண் ஒட்டிக்கொண்டால் அதை விடுவிக்கவும், நுனிச் சதையைச் சீராக்கவும் இன்னொரு சிறு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். புதிய விரல் கட்டைவிரல் போலவே தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். தொலைவிலிருந்து பார்ப்பவர் கவனிக்க மாட்டார், கைகுலுக்குபவர் கவனிப்பார்.

கையெழுத்திடுவதற்கு முன்

ஒப்புதல் படிவம் உங்கள் பாதுகாப்புக்கானது. உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கம் கேட்கவும், வேறு ஒரு மருத்துவரின் கருத்தைப் பெறவும், அறுவை அரங்குக்குள் நுழையும் வரை மனத்தை மாற்றிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு. இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு செல்லுங்கள்: இதுவரை எத்தனை கால்விரல் மாற்றங்கள் செய்திருக்கிறீர்கள், எத்தனை தோற்றன? இரவில் இரத்த ஓட்டம் நின்றால் உடனே திறக்க ஆள் இருக்கிறதா? பெருவிரலின் அடியில் எவ்வளவு விடுவீர்கள்? விரல் பிழைக்காவிட்டால் அடுத்த திட்டம் என்ன? இவற்றைக் கேட்டதற்காக மனம் கோணும் மருத்துவரிடம் இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்ள வேண்டாம்.

வழக்கைப் பொறுத்தவரை, சிகிச்சை உங்கள் கோரிக்கையை எப்படி மாற்றும் என்பதற்கு விடை சொல்ல வேண்டியவர் உங்கள் வழக்கறிஞர். என் பங்குக்குச் சொல்ல முடிந்தது இதுதான்: இப்போதைய நிலையில் கையின் ஒளிப்படங்கள், எக்ஸ்ரே, பிடிவலுவின் அளவு, மூட்டுகளின் அசைவு அளவு, ஊனமதிப்பீட்டு அறிக்கை ஆகிய அனைத்தையும் தேதியோடு பதிவுசெய்து படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தப் பழைய நிலையை யாராலும் அளந்து காட்ட முடியாது. தொகை கூட வேண்டும் என்பதற்காக மட்டும் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள், அதற்குள் மூட்டுகள் இறுகிவிடும்.

செய்ய வேண்டியவற்றின் வரிசை இதுவாக இருக்கட்டும். சிகரெட்டை இந்த வாரமே நிறுத்துங்கள். பிசியோதெரபி நிபுணரைப் பார்த்துப் பயிற்சியைத் தொடங்குங்கள். பின்னர் மைக்ரோ சர்ஜரியில் (மைக்ரோஸ்கோப்பின் துணையோடு செய்யும் நுண் அறுவையில்) பயிற்சியும் அனுபவமும் உள்ள பிளாஸ்டிக் சர்ஜனையோ கை அறுவை நிபுணரையோ சந்தியுங்கள். அப்போது அம்மாவையும் அண்ணனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். காலைப் பற்றிய கேள்விகளை அம்மாவே நேரில் கேட்கட்டும். முடிந்தால் இதே சிகிச்சையை முன்பு செய்துகொண்ட ஒருவரைச் சந்திக்க ஏற்பாடு செய்யும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அவருடைய கையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், செருப்பைக் கழற்றிக் காலையும் காட்டச் சொல்லி, அவர் நடப்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.